தன்மை ஒருமை

திருக்குறளில் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தின் இறுதி இரண்டு குறள்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. குடிவெறியில் கிடப்பவனிடம் நியாயம் பேசித் தெளிவிக்க முயல்வது, ஆற்றின் அடியில் மூழ்கிப்போனவனை விளக்கேந்தித் தேடுவதற்கு ஒப்பாகும் என்பது ஒன்பதாவது குறளின் கருத்து. தான் குடியாமல் தெளிந்திருக்கும் நேரத்தில், குடித்து நிலைகுலைந்த இன்னொருவனைப் பார்க்கும் மனிதனுக்குத் தன் நிலையும் இதுவே என்று உறைக்காதோ எனப் பத்தாவது குறளில் வள்ளுவர் வினவுகிறார். விளக்கு பயன்படாத இடத்தில் மற்றொரு குடியனின் முகம் பயன்படக்கூடும் என்பது, இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்குத் தோன்றும் பொருள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியையாக இருந்து இந்த அதிகாரத்தைப் பலமுறை கற்பித்தவள் நான். அப்பொருளை நேரில் கண்ட இடம் விழுப்புரத்தில், பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்த ஒரு சிறிய அறை.

என் தம்பியின் இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறேன். அவன் பெயரைக் குறிப்பிடவில்லை. அவன் மனைவி, மக்கள் பெயர்களையும் விட்டுவிட்டேன். அந்த அறையில் பிறர் பேசிய எதனையும் இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும் என்பது அவர்கள் நெறி.

தம்பி திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கெழுதுபவன். கணக்கில் ஒரு பைசா பிசகாது என்று முதலாளியிடம் பெயர் வாங்கியவன். முப்பது வயதில் நண்பர்களோடு தொடங்கிய பழக்கம், நாற்பது வயதில் காலைக் காப்பிக்கு முன்பே கை நடுங்கும் நிலைக்கு வந்து நின்றது. வீட்டில் நடந்தவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. இதைப் படிப்போரில் பலர் தத்தம் வீட்டில் கண்டவையே அவை: அடகுக்குப் போன சங்கிலி, பாதியில் நின்ற பள்ளிக் கட்டணம், இரவு பதினொரு மணிக்கு வாசற்கதவின் ஓசைக்காக விழித்திருக்கும் பிள்ளைகள்.

பக்தியுள்ள குடும்பம் செய்யக்கூடிய யாவும் செய்யப்பட்டன. வேளாங்கண்ணி அன்னையின் திருமுன் சத்தியம் செய்தான். நவநாள் செபங்கள் நடந்தன. ஆண்டுதோறும் தவக்காலம் முழுவதும் மதுவைத் தொடமாட்டான். திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை அவனைப் போல் அமைதியான மனிதனைப் பார்க்க முடியாது. உயிர்ப்புப் பெருவிழாவின் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து நாங்கள் வீடு வந்து சேர்வோம். அவன் விடிந்த பிறகுதான் வருவான். நாற்பது நாள் முடிந்தவனுக்கு நாற்பத்தோராம் நாள் ஏன் முடியாது என்று பங்கில் பலரும் கேட்டனர். தவக்காலத்திற்கு ஒரு முடிவு நாள் உண்டு. அந்த நாளை எண்ணிக்கொண்டே அவன் நாற்பது நாள்களையும் கடந்தான். வாழ்நாள் முழுவதும் என்று சத்தியம் செய்யச் சொன்னபோது, எண்ணி முடிக்க முடியாத ஒரு தொகையின் முன் கணக்குப்பிள்ளை திகைத்து நின்றான்.

டப்ளின் நகரத்துத் தொழிலாளியான மாட் டால்பட் 1884-ஆம் ஆண்டில் குடியை விட்டபோது முதலில் மூன்று மாதத்திற்கே உறுதிமொழி எடுத்தார். பின்னர் ஆறு மாதம். அதன் பின்னரே வாழ்நாள் முழுமைக்கும். 1925-இல் இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவராக அறிவித்தது. அத்தகைய மனிதருக்கே தொடக்கத்தில் மூன்று மாதம் போதுமானதாக இருந்தது என்பது நினைவில் கொள்ளத் தக்கது.

2018-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின் வந்த வாரத்தில் தம்பியை மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் முதலில் சொன்ன செய்தி முக்கியமானது. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இல்லாத உருவங்கள் தெரியும் சித்தப்பிரமை உண்டாகலாம். சிலருக்கு அது உயிருக்கே கேடாக முடியும். எனவே அறையில் பூட்டி வைப்பதும், இனித் தரமாட்டோம் என்று சபதம் கொள்வதும் வைத்தியம் ஆகா. சில நாள்கள் மருந்தின் துணையோடு உடலைத் தெளிவிக்க வேண்டும். அவ்வாறே செய்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புகையில் மருத்துவர், "உடம்பை நான் சரிசெய்துவிட்டேன். இனிமேல் உள்ளதற்கு என்னிடம் மாத்திரை குறைவு" என்று கூறி, ஒரு தாளில் விழுப்புரத்து முகவரி ஒன்றும் ஒரு கிழமையும் நேரமும் எழுதிக் கொடுத்தார். மேலே இரண்டு எழுத்துகள்: ஏ.ஏ.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இவ்வியக்கம் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் அக்ரன் என்னும் ஊரில் 1935-ஆம் ஆண்டு பிறந்தது. அதன் பிறப்பு வரலாறே அதன் கொள்கை. பில் வில்சன் என்னும் நியூயார்க் வணிகர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வேலை அக்ரனில் தோல்வியுற்றது. தங்கியிருந்த விடுதியின் ஒரு மூலையில் மதுக்கூடம், கலகலப்பு. மறு மூலையில் தொலைபேசி. இன்னொரு குடியரோடு பேசினாலன்றித் தாம் அன்று தப்ப முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஊர்க் கோவில்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து அழைக்கத் தொடங்கினார். அவ்வழியே அறிமுகமானவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அவரும் குடியில் மூழ்கியவர். கால் மணி நேரத்திற்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்த மருத்துவர், ஆறு மணி நேரத்திற்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். பில் அவரைத் திருத்துவதற்காகச் செல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தம்மைக் காத்துக்கொள்ளவே அவரைத் தேடினார். வள்ளுவரின் பத்தாவது குறள் அந்த ஊரில் இவ்வாறு நிகழ்ந்தது. இந்தியாவில் இவ்வியக்கம் 1957-இல் தொடங்கியது.

விழுப்புரம் என்றதும் தம்பி மறுக்கவில்லை. திண்டிவனமாக இருந்தால் போயிருக்கமாட்டான். நேரு வீதியில் பத்துப் பேரில் மூவர் அவனுக்கு வணக்கம் சொல்வார்கள். மண்டித் தொழில் அப்படி. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நான்கு நிலையங்களைக் கடந்தால் விழுப்புரம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். நம்மை அறியாத ஊர் என்னும் நிம்மதியை அந்தத் தொலைவு அவனுக்குத் தந்தது. முதல் வாரம் சந்திப்பு வரை சென்று, நடைமேடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பி வந்தான். இரண்டாம் வாரம் அந்த அறை இருந்த தெருமுனை வரை சென்றான். மூன்றாம் வாரம் உள்ளே நுழைந்தபோது, எதிர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் திண்டிவனத்துக்காரர். அவன் மண்டிக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருப்பவர். எவர் கண்ணிலும் படக்கூடாதென்று தனித்தனியே நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம். இதனை எழுத அவரும் இசைவு தந்திருக்கிறார்.

அன்றிரவு வீடு திரும்பிய தம்பி சொன்ன ஒரே செய்தி இது: "அக்கா, அங்க யாரும் எனக்குப் புத்தி சொல்லல."

இக்கூட்டங்களில் குடிநோயாளிகள் மட்டுமே அமர்வன உண்டு. குடும்பத்தாரும் ஆர்வலரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு. இரண்டு திங்கள் கழித்து அத்தகைய ஒன்றிற்கு நானும் தம்பியின் மனைவியும் சென்றோம். மேசை மீது ஒரு புத்தகம், ஒரு தேநீர்க் கூசா, காகிதக் குவளைகள். அன்றைக்குத் தலைமை ஏற்றவர் அவர்களுள் ஒருவரே. அடுத்த முறை வேறொருவர். இயக்கத்தின் நோக்கத்தை ஒருவர் வாசித்தார். பின்னர் ஒவ்வொருவராகப் பேசினர். பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். மற்றவர்கள் வணக்கம் கூறுவர். ஐந்து அல்லது பத்து நிமிடம் தம் வாழ்வைச் சொல்லி நிறுத்துவார். எவரும் குறுக்கிடவில்லை, மறுமொழியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இறுதியில் ஒரு பை சுற்றி வந்தது. நான் நூறு ரூபாய்த்தாள் ஒன்றை இட முயன்றபோது, அருகிலிருந்தவர் பணிவோடு தடுத்து, "வெளியாரிடம் வாங்குவதில்லை அம்மா. அறை வாடகையும் டீச்செலவும் எங்களுடையவை" என்றார். தம் காலில் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய மரபுகளுள் ஒன்று. எழுந்து நின்று, மாற்ற முடிந்ததை மாற்றத் துணிவும் முடியாததை ஏற்க அமைதியும் வேண்டும் ஒரு செபத்தைத் தமிழில் சொல்லிக் கலைந்தனர்.

வாழ்நாளெல்லாம் இலக்கணம் கற்பித்தவளின் காதுக்கு ஒன்று உடனே புலப்பட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் முன்னிலைச் சொல்லே எழவில்லை. எல்லா வாக்கியங்களும் தன்மை ஒருமையில் இருந்தன. நான் குடித்தேன், நான் பொய் சொன்னேன், நான் இன்று குடிக்கவில்லை. குடிப்பவனை நோக்கி அவன் வீடு பேசுவது எப்போதும் முன்னிலையில்: நீ குடிக்காதே, நீ திருந்தமாட்டாயா, நீ நாசமாய்ப் போவாய். அவனைப் பற்றி ஊர் பேசுவது படர்க்கையில்: அவன் குடிகாரன், அவனுக்குப் பெண் கொடுத்தது தப்பு. முன்னிலையில் பேசினால் அவன் எதிர்வாதம் செய்கிறான். படர்க்கையில் பேசினால் ஒளிந்துகொள்கிறான். வேறொருவன் தன்னைப் பற்றித் தன்மையில் பேசும்போது மட்டுமே அவனுக்கு வாதிடவும் ஒன்றுமில்லை, ஒளியவும் தேவையில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறான். பிறகு ஒருநாள் அவனும் 'நான்' என்று தொடங்குகிறான். தம்பி அப்படித் தொடங்குவதற்கு ஐந்து வாரங்கள் ஆயின.

இதில் கத்தோலிக்கர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்க, நாற்காலிகளின் நடுவே எதற்கு அறிக்கையிட வேண்டும்? கடவுள் என்று மட்டும் சொல்லி, எந்தச் சமயத்தையும் சாராத ஓர் இயக்கத்தில் நம்மவர் சேரலாமா? விழுப்புரத்து அறையில் திருநீறு பூசியவரும், தொப்பி அணிந்தவரும், கழுத்தில் உத்தரியம் போட்ட என் தம்பியும் அமர்ந்திருந்தனர். கடவுளைத் தத்தமக்கு விளங்கியவாறு கருதிக்கொள்ளலாம்; குடியை விடும் விருப்பம் ஒன்றே அங்கே நிபந்தனை. இந்த ஐயத்திற்கு இயக்கத்தின் தொடக்க காலமே விடை கூறுகிறது. அக்ரனில் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் பணியில் இருந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. குடித்தவர்களை மருத்துவமனைகள் ஏற்காத காலம் அது. மருத்துவர் பாப் கேட்டுக்கொண்டபடி, 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் ஒரு குடிநோயாளியை இரைப்பை அழற்சி என்று பதிந்து சேர்த்துக்கொண்டார். பின்னர் ஆயிரக்கணக்கானோர் அவர் கையால் தேறினர். வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, மறுபடி குடிப்பதாக இருந்தால் அதற்கு முன் இதனை என்னிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பார். குடிக்காதே என்று அவர் சொல்லவில்லை. குடிக்கும் முன் என்னைப் பார்க்க வா என்றார். எட்வர்டு டௌலிங் என்னும் இயேசு சபைக் குரு, இவர்களுடைய பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, 1940-இல் பில்லைத் தேடிச் சென்று அவருக்கு ஆன்மத் துணையானார். தன்னை ஆராய்ந்து எழுதுதல், கடவுளிடமும் மற்றொரு மனிதரிடமும் அதனை வெளிப்படுத்துதல், தீங்கிழைக்கப்பட்டோரைப் பட்டியலிட்டு ஈடு செய்தல் என்னும் அப்படிகள் நமக்குப் புதியன அல்ல. தம்பி பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சென்றது, அந்த நாற்காலியில் பேசிப் பழகிய பிறகே.

பெயர் மறைக்கும் இவ்வழக்கம் கோழைத்தனம் என்று சிலர் கூறுவர். மறைப்பு வேறு, பெயர் சொல்லாமை வேறு. வீட்டுக்குள் மறைக்கும்போது நாம் தனித்துப் போகிறோம்; திருமண வீடுகளைத் தவிர்க்கிறோம், விருந்தினர் வந்தால் அவன் காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சொல்கிறோம். அந்த அறையில் குடும்பப் பெயரையும் ஊரையும் வாசலில் விட்டுவிட்டு நுழைவதால், மண்டி முதலாளியும் மூட்டை தூக்குபவரும் ஒரே வரிசையில் அமர முடிகிறது. நம் பகுதியில் ஆலயத்திற்குள்ளேயும் எளிதில் வாய்க்காத ஒரு வரிசை அது.

எட்டாம் மாதத்தில், கிறிஸ்து பிறப்புக் காலத்தில், தம்பி மீண்டும் குடித்தான். மூன்று நாள்கள். வீடு இடிந்து போயிற்று. நான்காம் நாள் அவனே விழுப்புரம் சென்றான். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு டீ கொடுத்தார்களாம். இன்று உனக்கு முதல் நாள் என்றார்களாம். மருத்துவர் பாப் அவர்களும் பில்லைச் சந்தித்த பின் ஒருமுறை வழுக்கி விழுந்தவரே. அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் நாளையே இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

தம்பியின் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓராண்டு நிறைவில் பலரும் அவளை வாழ்த்தினர். அவள் என்னிடம் தனியே சொன்னாள்: "அண்ணி, அவரு நிறுத்தினதுக்கு எல்லாரும் என்கிட்ட வந்து சந்தோஷப்படறாங்க. நான் பட்ட பத்து வருஷத்த யாரும் கேக்கல." பெயர்ப்பட்டியலில் அவள் பெயரை முதலாவதாக எழுதியிருந்த தம்பி, மன்னிப்புக் கேட்டபோது, இப்போது முடியாது என்றாள். அவன் அதை ஏற்றுக்கொண்டான். சம்பளத்தை உறையைப் பிரிக்காமலே அவளிடம் கொடுக்கிறான்; சங்கிலி மீட்கப்பட்டது. அவள் இப்போதெல்லாம் கதவின் ஓசைக்காக விழித்திருப்பதில்லை. மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தார்க்கென்றே அல்-அனான் என்னும் தனிக் கூட்டங்கள் 1951 முதல் உலகின் பல இடங்களில் நடைபெறுகின்றன. காயம் இரு பக்கத்திலும் உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

2020 மார்ச்சில் நோய்த்தொற்று ஊரடங்கு வந்தது. ரயில் நின்றது, ஆலயங்கள் அடைபட்டன, விழுப்புரத்து அறையும் பூட்டப்பட்டது. மே 7-ஆம் நாள் மதுக்கடைகள் திறந்தன. அன்று காலை ஐந்து மணிக்குத் தம்பியும் கடைக்காரரும் தொலைபேசியில் பேசத் தொடங்கி, விற்பனை முடியும்வரை மணிக்கு ஒருமுறை பேசிக்கொண்டார்கள். மதுவை விட விரும்பும் இருவரோ மூவரோ கூடினால் அதுவே ஒரு குழு என்பது இயக்கத்தின் மரபு. இருவர் மூவர் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் அருளியதை அறிந்த நமக்கு இது விளங்காமல் போகாது. அவ்வாண்டு இறுதியில் இருவரும் திண்டிவனத்திலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தனர். எந்த ஊரார் கண்ணுக்கு அஞ்சி ரயிலேறினானோ அதே ஊரில், மாலை ஆறு மணிக்குத் தம்பி கதவைத் திறந்து நாற்காலிகளைத் துடைத்து வைக்கிறான்.

2023 மே மாதம் நம் மாவட்டத்து மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். அப்போது செய்தியாளர்கள் வந்தனர், இழப்பீடு அறிவிக்கப்பட்டது. ஈரல் கெட்டு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொருவராக இறப்பவர்களுக்கு அத்தகைய நாள் வாய்ப்பதில்லை. மதுவிலக்கு 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடி நீங்கியது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. கடைகளை மூடக் கோருவது நம் உரிமை; அது தொடரட்டும். அது நிறைவேறும் நாள் வரை, இன்று மாலை குடிக்காமலிருக்க விரும்பும் ஒருவன் எங்கே போவான் என்பது வேறு வினா.

அதற்கு நம் பங்குகள் விடை தர முடியும். குடும்பங்களுக்கு, அரசின் 14446, 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். சிகிச்சைக்குச் சேர்ப்போர், அம்மையம் உரிமம் பெற்றதா என்று கேட்டறியலாம். பங்கு இல்லத்தில் வாரம் ஒருமுறை பூட்டிக் கிடக்கும் அறை ஒன்றை இத்தகைய குழுவிற்குத் தரலாம். வாடகை கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ள வேண்டும். வாசலில் பெயர்ப்பலகையோ படமோ வேண்டா. தொடக்கவுரை ஆற்ற எவரும் செல்ல வேண்டா. யார் யார் வந்தார்கள் என்று கேட்கவும் வேண்டா. சாவியைக் கொடுத்துவிட்டு நாம் வெளியே வந்துவிட வேண்டும். அவர்களுடைய வாக்கியங்களை அவர்களே தொடங்கிக்கொள்வார்கள்.